எங்கள் வீட்டில் நாய் இல்லை

ஆஸ்பத்திரியில் என்னிடம் எத்தனையோ கேள்வி கேட்டார்கள். ஒன்றுக்கு மட்டும்தான் பொய் சொன்னேன். அந்த ஒன்றிலேயே என் கதை முடிந்திருக்கும். ஆடு வளர்க்கிறவர்கள் இதைப் படித்தால் நல்லது. ஆடு இல்லாதவர்களும் படிக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இலங்கையில் கலேவெலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மிளகாயும் பெரிய வெங்காயமும் போடுகிறேன், முப்பதுக்கு மேல் ஆடு நிற்கிறது. எங்கள் பள்ளிவாசலின் செயலாளர் நான்தான். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்று என் மனைவி பரீதா சொல்வாள். கொஞ்சம் இல்லை, நிறையவே உண்டு. அதை மறைக்கிற வயது எனக்குத் தாண்டிவிட்டது.

வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். அப்படித்தான் தொடங்கியது. வலி என்று சொல்ல முடியாது. வெங்காயப் பாத்தியில் குனிந்தால் உள்ளே ஏதோ மடங்கி இடிக்கும். பாதி பீங்கான் சோறு தின்றதும் வயிறு நிறைந்துவிடும். இடையிடையே உடம்பெல்லாம் தடித்துத் தடித்து அரிக்கும். எங்கள் பக்கத்தில் யாருக்கு எது வந்தாலும் அதற்குப் பெயர் கேஸ்டிரைட்டிஸ். நானும் அதே பெயரை வைத்துக்கொண்டு, பார்மசியில் மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டு பல மாதம் ஓட்டினேன்.

பரீதாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "பாதி இடியப்பம் எறங்குதில்ல. ஆனா வகுறு மட்டும் பெருத்துட்டே போகுது. இது கேஸ்டிரைட்டிஸா? நாளைக்கு ஸ்கேன் எடுக்கப் போறீங்க. நானும் வாறேன்" என்றாள். போனோம்.

ஸ்கேன் எடுத்த டொக்டர் குளிர்ந்த பசையைத் தடவி, அந்தக் கருவியை வயிறு முழுக்க ஓட்டினார். பிறகு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஈரலில் நீர் நிறைந்த பை ஒன்று இருக்கிறது, பெரிய ஆரஞ்சுத் தோடம்பழம் அளவு என்று சொல்லி, ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் என்னை வார்டில் படுக்க வைத்துவிட்டார்கள்.

அந்த வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் யார் தெரியுமா? எங்கள் ஊர் ஹாஜியார். வயதானவர், பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்கிறவர், பித்தப்பைக் கல்லுக்காக வந்திருந்தார். அவரைக் கண்டதும் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

இளம் டொக்டர் ஒருவர் கொப்பியும் பேனாவுமாக வந்து கேள்விகளை ஆரம்பித்தார். சிங்களத்தில்தான் கேட்டார், எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. காய்ச்சல் வந்ததா, மஞ்சள் காமாலை வந்ததா, என்ன தொழில் என்றெல்லாம் கேட்டுவிட்டு, "வீட்டில் நாய் வளர்க்கிறீர்களா?" என்றார்.

ஹாஜியார் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். நான் சிரித்தேன். "நாங்கள் முஸ்லிம்கள், டொக்டர். எங்கள் வீட்டில் நாய் இல்லை."

டொக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

எழுத்துக்கு எழுத்து பார்த்தால் அது பொய்யில்லை. வீட்டில் நாய் இல்லை. ஆட்டுப் பட்டியில் இருக்கிறது. ஒன்றில்லை, மூன்று. அதில் பழுப்பு நிறத்தது ஏழெட்டு வருடமாகப் பட்டியைக் காவல் காக்கிறது. நரியும் வராது, ஆடு திருடுகிறவனும் வரமாட்டான். ஆனால் அது எங்கள் நாய் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. பெயர் வைத்ததில்லை, தொட்டதில்லை. மிஞ்சிய சோற்றைப் பரீதா வேலியோரம் கொட்டுவாள். ஆடு அறுக்கிற நாளில் வேண்டாததை நான் வீசுவேன். ஆட்டுக்குக் காவலாக நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் தடை இல்லை என்று எங்கள் மௌலவி பலமுறை சொல்லியிருக்கிறார். ஆகவே மார்க்கத்தின் மேல் பழியைப் போட முடியாது. ஊருக்கு முன்னால் என்னுடைய பவிசுதான் காரணம்.

நாய் இல்லை என்று நான் சொன்னதை வைத்து, அவர்கள் வேறு பக்கம் யோசித்தார்கள். சீழ்க்கட்டியாக இருக்கலாம், பிறவியிலேயே வந்த வெறும் நீர்ப்பையாகவும் இருக்கலாம். மறுநாள் பிற்பகல் ஒரு நீளமான ஊசியைச் செலுத்திக் கொஞ்சம் நீர் எடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான்.

மறுநாள் பகல் பார்வையாளர் நேரத்தில் பரீதா சோற்றுப் பார்சலோடு வந்தாள். ஊசி போடும்வரை சாப்பிடக் கூடாது என்றேன். அந்த ஒரு மணிநேரத்தை ஓட்ட வேண்டுமே, டொக்டர் கேட்ட கேள்விகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாய் பற்றிக் கேட்டதையும் சொன்னேன், சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவள் பார்சலைக் கட்டில்மேல் வைத்தாள். "நாய் இல்லைன்னா சென்னீங்க?"

"மெதுவாப் பேசு. ஹாஜியார் ஈக்கிறார்."

"ஹாஜியார் ஈந்தா என்ன? டொக்டர் சும்மாவா கேப்பாங்க? ஏதோ காரணம் இல்லாமலா?"

நான் கையைப் பிடிப்பதற்குள் அவள் வார்டின் நடுவே போய்விட்டாள். அங்கே மேசையில் எழுதிக்கொண்டிருந்த அந்த இளம் டொக்டரிடம், அவளுக்குத் தெரிந்த சிங்களத்தையும் தமிழையும் கலந்து, வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னாள்: "டொக்டர், இவர் பொய் செல்லியிருக்கார். எங்கட பட்டியில மூணு நாய் ஈக்குது. ஆடும் நாங்கதான் அறுக்கிறோம்."

என் மானம் கப்பலேறியது. போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் ஹாஜியார் இருமினார்.

"செயலாளர்" என்றார்.

"செல்லுங்க ஹாஜியார்."

"எங்கட தோட்டத்திலயும் ரெண்டு ஈக்குது."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அதற்குள் டொக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். ஆடு அறுக்கும்போது ஈரலில் நீர்ப்பைகள் கண்டதுண்டா என்று பரீதாவிடம் கேட்டார். "எவ்வளவோ கண்டிருக்கோம். தண்ணிப் பைன்னு செல்லுவோம்." அந்த ஈரலை என்ன செய்வீர்கள்? "அத யாரு திங்கிற? இவர் நாய்க்கு வீசிடுவார்."

டொக்டர் நேரே தொலைபேசியிடம் போனார். ஊசி நின்றது.

சற்று நேரத்தில் பெரிய டொக்டர் வந்தார். என் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு நாய், ஓர் ஆடு, ஒரு மனிதன் என்று வரைந்து காட்டினார். படம் நன்றாக இல்லை, ஆனால் விளக்கம் நன்றாக இருந்தது. நாயின் குடலில் ஒரு சின்ன நாடாப்புழு இருக்கிறது. நெல்மணியளவுகூட இல்லை. நாய்க்கு அதனால் ஒரு நோவும் கிடையாது. புழுவின் முட்டை நாயின் மலத்தோடு வெளியே வந்து புல்லிலும் மண்ணிலும் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. அந்தப் புல்லை ஆடு தின்றால், அதன் ஈரலில் பை வளரும். அந்த ஈரலை நாய் தின்றால் திரும்பவும் புழு. நாயிடமிருந்து ஆட்டுக்கு, ஆட்டிடமிருந்து நாய்க்கு. மனிதனுக்கு இதில் வேலையே இல்லை. முட்டை தற்செயலாக மனிதன் வாய்க்குள் போனால், ஆட்டுக்கு வருவது மனிதனுக்கு வருகிறது.

"அப்படியென்றால் நான் இப்போது ஆடு" என்றேன். பெரிய டொக்டர் சிரித்துவிட்டார்.

இன்னொருவரிடமிருந்து இது ஒட்டாது, ஆட்டிறைச்சி தின்பதாலும் வராது என்றார். "நான் பிறந்ததிலிருந்து நாயைத் தொட்டதே இல்லையே" என்று விடாமல் கேட்டேன். தொட வேண்டியதில்லையாம். பச்சைக் கீரை தின்பீர்களா என்றார். பட்டிக்குக் கீழே ஈரத்தில் எங்கள் வல்லாரைப் பாத்தி. வெயில் நேரத்தில் அந்த மூன்று நாயும் குளிர்ச்சிக்காகப் படுப்பது அதற்குள்தான். தினமும் எனக்கு வல்லாரைச் சம்பல் வேண்டும். கழுவுவோம்தான், ஆனால் எப்படிக் கழுவினோம் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

கடைசியாகத்தான் ஊசியைப் பற்றிச் சொன்னார். என்ன பை என்று தெரியாமல், முன்னேற்பாடு இல்லாமல் குத்தி அந்த நீர் உள்ளே சிந்தினால், உடம்பு அதை ஏற்காமல் ஒரேயடியாக எதிர்த்து நிற்கும். நிமிடங்களில் உயிர் போகலாம். போகாவிட்டாலும், சிந்திய இடமெல்லாம் புதுப் பை முளைக்கும். இனி அந்தப் பை உடையாமல் வெளியே வர வேண்டும், காரியம் அவ்வளவுதான் என்றார். பரீதாவைப் பார்த்தேன். அவள் சோற்றுப் பார்சலைப் பிரித்து, "இப்ப சாப்பிடலாமா டொக்டர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரத்தப் பரிசோதனையும் சீட்டி ஸ்கேனும் அவர்கள் சந்தேகத்தை உறுதியாக்கின. பெரிய பைக்குள்ளே குட்டிப் பைகள் இருந்தன. வீட்டில் எல்லாருக்கும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். எங்களுக்கு ஒரே மகள், எட்டு வயது, ஹானா. பட்டியே கதியென்று கிடப்பவள். ஸ்கேன் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த அரைமணிநேரம்போல ஒரு நேரம் என் எதிரிக்கும் வர வேண்டாம். எனக்கு வந்தபோது பயந்தேன்தான், ஆனால் அது வேறு பயம். கதவைத் திறந்துகொண்டு ஹானா வெளியே வந்து, "குளிரா ஈந்திச்சு வாப்பா" என்றாள். அவளுக்கும் ஒன்றுமில்லை, அவள் உம்மாவுக்கும் ஒன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அந்த நாற்காலியில்தான் எனக்கு நிலூகா மிஸ்ஸின் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் மிருக வைத்திய அலுவலகத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தவர். ஊர் ஊராக நாய்களைப் பதிந்து, பூச்சி மாத்திரை கொடுத்து, மலம் எடுத்துப் புழு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வந்திருந்தார். பள்ளிவாசல் கேட்டில் அவரை மறித்தவன் நான். "இது முஸ்லிம்கள் இருக்கும் இடம் மிஸ், இங்கே நாயே இல்லை" என்று செயலாளர் தோரணையில் சொன்னேன். நான் சொல்லும்போதே அந்தப் பழுப்பு நாய் எனக்குப் பின்னால் நடந்து போயிருக்கிறது. அவர் பார்த்தார், நான் பார்க்கவில்லை; இதைப் பின்னாளில் அவரே சொன்னார். எங்கள் தெருக்களுக்கு நேரே பூஜ்யம் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் பை அதற்குப் பல வருடம் முன்பே வளரத் தொடங்கியிருக்கும் என்று டொக்டர் சொன்னார். அதனால் எனக்கு ஆறுதல் வரவில்லை. எங்கள் தெருவில் இருக்கும் பிள்ளை ஹானா மட்டுமா?

சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு மாதம் மாத்திரை. அடி படக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. அந்த மாதம் பரீதா என்னை முட்டையைப் போலக் கொண்டு நடந்தாள். முச்சக்கர வண்டியில் இரண்டு தலையணை. வீதியில் குழி வந்தால் டிரைவருக்கு ஏச்சு. எங்கள் பெரிய கிடா முட்டிவிடும் என்று அதைத் தூணில் கட்டிப் போட்டாள், ஒரு மாதமும் அது என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. பித்தப்பைக் கல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன ஹாஜியார் ஒவ்வொரு அஸர் தொழுகைக்குப் பிறகும் போன் எடுத்து, "துஆ செஞ்சேன்" என்று சொல்லி வைத்துவிடுவார்.

சத்திரசிகிச்சை நாளில் எனக்கு மயக்கம் கொடுக்கும் முன், பெரிய டொக்டர் தன் வேலையை விளக்கினார். பையைச் சுற்றிலும் கடும் உப்புநீரில் நனைத்த துணிகளை அடுக்குவார்களாம். ஒரு சொட்டுச் சிந்தினாலும் அதிலுள்ள உயிரை உப்பு கொன்றுவிடும். "எங்கள் ஊரில் கருவாட்டுக்கும் அதைத்தான் செய்கிறோம்" என்று சொன்னது ஞாபகம். அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகம் இல்லை.

கண் விழித்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. "உடைந்ததா?" என்று கேட்டேன். தாதி குனிந்து, "இல்லை. முழுசாக வந்தது" என்றார். எனக்குக் கண்ணீர் வந்தது. ஐம்பத்தொரு வயது ஆண்பிள்ளை தாதியின் முன்னால் விம்மி அழுதேன். விம்மினால் தையல் வலிக்கும், வலித்தால் இன்னும் அழுகை வரும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிறகு பத்து நாள் வார்டில். விலாவிலிருந்து ஒரு குழாய், அதன் முனையில் ஒரு போத்தல். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். எதிர்க்கட்டிலில் இருந்த பலாபத்வலை ஊர்க்காரரின் மனைவி, அவருக்குக் கொண்டுவரும் பச்சிலைக் கொல்லங்கஞ்சியில் எனக்கும் ஒரு கோப்பை ஊற்றுவார். நான் யார், அவர் யார்? இத்தனை பெரிய சத்திரசிகிச்சைக்கு அரசாங்க ஆஸ்பத்திரி என்னிடம் ஒரு சதம் வாங்கவில்லை. இந்த நாட்டைப் பற்றி யார் குறை சொன்னாலும் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் நிலூகா மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். நாய்க் கணக்கைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றேன். அவர் தமிழ் பழகியவர். "உங்க பக்கம் நாய் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார்.

"ஈக்குது மிஸ். என்னோடதே மூணு."

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு மைக்கைப் பிடித்தேன். ஆஸ்பத்திரியில் சொன்ன பொய், கேட்டில் சொன்ன பொய் இரண்டையும் சொன்னேன். சட்டையைத் தூக்கித் தழும்பையும் காட்டினேன். முதல் வரிசையில் ஹாஜியார் எழுந்து, "எனக்கும் ரெண்டு நாய் ஈக்குது, எழுதிக்கோங்க" என்றார். அதற்குப் பிறகு யார் வாய் திறக்காமல் இருப்பார்கள்? மறுநாள் நிலூகா மிஸ் கொண்டுவந்த கொப்பியில் எங்களுக்கு ஒதுக்கிய ஒரு பக்கம் போதவில்லை. உரிமையாளர் பெயர் கேட்டபோது பழுப்பு நாய்க்கு என் பெயரை முழுசாக எழுதச் சொன்னேன்.

நான்தான் அவருடன் வீடுவீடாகப் போனேன். கையுறை போட்டுக்கொண்டு, சின்னச் சின்னப் போத்தல்களில் நாய் மலம் எடுத்து, யாருடைய நாய் என்று எழுதி ஒட்டினேன். ஊர்ப் பையன்கள் எனக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. செயலாளர் என்ற சொல் மட்டும் அதில் மிஞ்சியிருந்தது.

முடிவு வந்தது. பழுப்பு நாயிடம் புழு இருந்தது, இன்னும் சிலவற்றிடமும் இருந்தது. என் மைத்துனன் றிஸ்வான், பரீதாவின் தம்பி, இறைச்சிக் கடைக்காரன், கொதித்துப் போனான். "அடிச்சிப் போட்டுரலாம் மச்சான். உங்கள இந்தக் கதிக்கு ஆக்கினது அதுதானே?"

"அதுட வாயில தண்ணிப் பைய வச்சது யாரு? நான்தானே? அப்ப மொதல்ல என்னப் போடு" என்றேன். மாத்திரையை அவித்த இறைச்சித் துண்டுக்குள் வைத்து நானே கொடுத்தேன். அது துப்பியது. வாயைப் பிடித்து, தொண்டைக்குள் தள்ளி, விழுங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு முறைப்படி கழுவிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து நான் தொட்ட முதல் நாய் அது, அது என்னைக் கடிக்கவில்லை.

ஆனால் நிலூகா மிஸ் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். மாத்திரை இப்போது இருக்கும் புழுவைத்தான் கொல்லும். இன்னொரு தண்ணிப் பையைத் தின்றால் சில வாரத்தில் பழையபடிதான். ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. உழ்ஹிய்யாவுக்கு, அதுதான் குர்பானிக்கு, ஊரில் ஒரே நாளில் எத்தனை முற்றத்தில் அறுப்போம்! அத்தனை முற்றத்தைச் சுற்றியும் அத்தனை நாயும் நிற்கும். அந்த ஒரு நாளில் தவறவிட்டால் போத்தலும் மாத்திரையும் என் தழும்பும் எல்லாம் வீண்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் மார்பளவு குழி வெட்டச் சொன்னேன். எல்லாரும் பள்ளி வளவில்தான் அறுக்க வேண்டும், தண்ணிப் பை கண்ட ஈரல், நுரையீரல் எல்லாம் குழிக்குள், மேலே சுண்ணாம்பு, அதற்கு மேல் தகரம். மௌலவி பெருநாள் பிரசங்கத்திலேயே அறிவித்தார். நான் குழியோரம் மம்மட்டியோடு நின்றேன். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, புதிது. தழும்புக்கு அப்போது ஐந்து மாதம்.

பகல்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. நாய்கள் வேலியோரம் வரிசையாக நின்றன. மம்மட்டியைக் குழியோரம் சாத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்தேன். றிஸ்வான் ஓர் ஆட்டின் வயிற்றைத் திறந்தான். ஈரல் முழுக்கப் பைகள், வெள்ளை வெள்ளையாக. யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே, இருபது வருடப் பழக்கத்தில் அந்த ஈரலைத் தோளுக்கு மேலால் வீசினான்.

அது எனக்கும் வேலிக்கும் நடுவில் விழுந்தது. பழுப்பு நாய் வேலிக்குள் தலையை விட்டுவிட்டது. மம்மட்டி கைக்கெட்டவில்லை. ஓடினேன். குனிந்து எடுக்க நேரமில்லை. அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நாய் என் முகத்துக்கு ஒரு முழத்தில் நின்றது. நான் அதைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. பை ஒன்று எனக்குக் கீழே உடைந்து சாரம் நனைந்தது. பையின் நீர் தோலில் பட்டால் மனிதனுக்கு வராது, நாயின் மலத்திலுள்ள முட்டை வாய்க்குள் போனால்தான் வரும் என்று நிலூகா மிஸ் சொல்லித் தந்திருந்தார், ஆகவே நகரவில்லை.

"மச்சான், எழும்புங்க! வெட்டின எடம் பிரிஞ்சிரும்!" என்று றிஸ்வான் கத்தியோடு ஓடி வந்தான்.

"எழும்ப மாட்டேன். மொதல்ல மம்மட்டியக் கொண்டுவா!"

வளவே சிரித்தது. ஹாஜியார் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். றிஸ்வான் மம்மட்டியைக் கொண்டுவந்து, மண்ணோடு சேர்த்து எனக்குக் கீழிருந்து கடைசித் துண்டுவரை வழித்து எடுத்துக் குழியில் போட்டான். அதற்குப் பிறகுதான் எழுந்தேன். பழுப்பு நாய் சிறிது நேரம் முகர்ந்து பார்த்துவிட்டு வெறும் வாயோடு திரும்பிப் போனது.

அந்தப் பெருநாளில் எங்கள் ஊரில் ஒரு நாய்க்கும் ஒரு துண்டு ஈரல் கிடைக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய வேலை அதுதான். கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.